வலிச்சா மட்டும் ஒரு ஆஸ்பிரின்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் கல்யாண வீட்டில் சந்தித்தால், பிள்ளைகளைப் பற்றி விசாரித்து முடித்த கையோடு பேச்சு மாத்திரைக்கு வந்துவிடுகிறது. பந்தியில் பக்கத்து இலைக்காரி பாயசத்தை வேண்டாம் என்றால் சர்க்கரை, ஊறுகாயை ஒதுக்கினால் பிரஷர். கைப்பையைத் திறந்தால் கண்ணாடிக்கு முன்னால் மாத்திரை டப்பாதான் கைக்கு வருகிறது. போன மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் தன் டப்பாவிலிருந்து ஒரு குட்டி மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது ஹார்ட்டுக்குப் புள்ள. என்னன்னு பாத்தா ஆஸ்பிரினாமா. நாமெல்லாம் தலைவலிக்குப் போட்டமே, அதேதானாமா. சிரிப்பா வருதல்லோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவில் அவளிடம் சொல்ல முடியாமல் போனதை, கூடப் படித்த உங்களிடம் இங்கே சொல்கிறேன். உங்களில் பல பேர் அந்தப் பருவத்தில் என்னைப் பார்த்தவர்கள்தான். ஆறாம் வகுப்பில் மழைக்காலம் முழுக்க என் இடம் காலியாகக் கிடந்ததே, அந்தக் கதை இது.

அந்த மாத்திரை அப்போது நம் ஊரில் எங்கேதான் இல்லை? கிணத்துக்கடவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊர் மளிகைக் கடையில், புளிப்பு மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்து ஜாடியில் அது இருக்கும். சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள். தேங்காய் உரித்து உடம்பு வலிப்பவர்களுக்கு அது, தலைக்கு ஊற்றிச் சளி பிடித்தவர்களுக்கு அது. பல்வலிக்குச் சொத்தைக் குழியில் அப்படியே அடக்கி வைத்து, ஈறு வெந்துபோய் இரண்டு நாள் கஞ்சி குடித்தவர்களும் உண்டு. பழசானால் ஜாடியைத் திறக்கும்போதே வினிகர் மாதிரி ஒரு புளிச்ச வாசம் அடிக்கும். அந்த வாசம் வந்தால் மாத்திரைக்கு வீரியம் கூடிவிட்டது என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். கெட்டுப்போனதுதான் அப்படி வாசம் அடிக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

எனக்கு முதலில் வந்தது தொண்டை வலி. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், போய்விட்டது. எல்லோரும் அதை மறந்த பிறகு ஒரு நாள் காலை எழுந்தால் வலது முட்டி கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. போர்வை பட்டால்கூட உயிர் போனது. மறுநாள் முட்டி வடிந்து கணுக்கால் வீங்கியது, அதற்கடுத்து முழங்கை. அம்மாவுக்கு இந்த இடம் மாறும் வலிதான் சந்தேகத்தைக் கொடுத்தது.

"நேத்து முட்டி, இன்னிக்குக் கையா? பள்ளிக்கூடம்னா மட்டும் ஒவ்வொண்ணா வலிக்குதோ?"

அப்பா வாதம் என்றார். வேப்பெண்ணெயைச் சூடுகாட்டித் தேய்த்தார்கள். அந்தத் தேய்ப்பில் நான் கத்திய கத்தலை நினைத்தால் எனக்கே இன்னும் அந்த எண்ணெயைக் கண்டால் ஆகாது. வீட்டில் என் வலியை முதலில் நம்பியவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கோயமுத்தூரில் பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்து, பம்பு செட்டுகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் எப்போதும் மிஷின் எண்ணெய் வாசம் இருக்கும், கை ரோமத்தில் இரும்புத் தூள் மினுங்கும். பெண் பிள்ளை இல்லாதவர். எனக்கு மூன்று வயது மூத்த மகன் ஒருவன். மாமன் மகனுக்குத்தான் நான் என்பது எங்கள் வழக்கத்தில் பிறந்த அன்றே முடிவான பேச்சு. பால் ஊற்ற வருகிறவர்கூட என்னை "மாமன் ஊட்டு மருமக" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அந்தப் பையனைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. மாமா வீட்டுக்குப் போகப் போகிறேன் என்பதில் மட்டும் பெருமை இருந்தது.

ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்த மாமா, கட்டிலில் கிடந்த என் காலைப் பார்த்தார். அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"புள்ள நடிக்கலை. கூட்டிட்டுப் போறேன்."

அப்படியே போர்வையோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கோயமுத்தூர் வரைக்கும் மடியில்தான் வைத்திருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் முட்டிக்குக் கீழே தன் கையைக் கொடுத்துக்கொண்டார். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலிக்கிற இடம் முட்டி, இவர் ஏன் நெஞ்சைக் கேட்கிறார் என்று எனக்குக் குழப்பம். பிறகு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடை மாத்திரையேதான், ஆனால் ஒன்று இரண்டல்ல, வேளைக்குக் கை நிறைய. ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. மாமா வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, மாத்திரைகளைக் கரண்டியில் வைத்து நசுக்கிச் சர்க்கரை போட்டுப் பாலோடு கொடுப்பார். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, அதன் வாயில் ஒரு பஞ்சு. அந்தக் குப்பியை வெகு காலம் வைத்திருந்தேன், பிறகு ஊசி பாசி போட்டு வைத்து எங்கேயோ தொலைந்தது. மந்திரம் போட்ட மாதிரி இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. கையைக் காலை நீட்டி மடக்கிக் காட்டி, வருகிறவர்களிடமெல்லாம் வித்தை காட்டினேன்.

கூடவே காதுக்குள் ஓயாமல் ரீங்காரம். பட்டறை லேத்துதான் என் காதுக்குள் புகுந்துகொண்டது என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போதும், "மாமா, மிஷினை நிறுத்துங்க" என்று அழுதேன். மாமா பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினார். மாத்திரை உடம்பில் நிறைந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று சொல்லி அளவைக் குறைத்தார்களாம். டாக்டரம்மா சொன்னார் என்றால் மாமாவுக்கு அப்போது வேதவாக்கு.

எழுந்து நடக்க விட்ட பிறகு ஊசி ஆரம்பித்தது. பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியான மருந்து. அது இறங்குவதற்கே தடித்த ஊசி வேண்டும். இடுப்புக்குக் கீழே போட்டால் அன்று முழுக்க நொண்டி நொண்டித்தான் நடக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. நான் ஊருக்குத் திரும்பிய பிறகும், ஊசி நாளன்று மாமா பட்டறையை விட்டுவிட்டு வந்து என்னைக் கூட்டிப் போவார். அப்பாவுக்குத் தோப்பை விட்டு நகர முடியாது, அம்மாவுக்கு டவுன் பஸ் என்றாலே பயம். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதே நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். ஊசி ஏறும்போது இழுத்த இழுப்பில் ஒரு தடவை பித்தான் தெறித்து நர்ஸம்மாவின் டிரேயில் விழுந்தது. வெளியே வந்ததும் தேங்காய் பன் வாங்கிக் கொடுப்பார். நான் விசும்பிக்கொண்டே தின்பேன். அவர் தின்ன மாட்டார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்.

அடுத்த மழைக்காலம் வருவதற்கு முன்னால் ஒரு ஊசி நாள். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாமா மட்டும் டாக்டரம்மாவைப் பார்க்க உள்ளே போனார். பாதிக் கதவுக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது. டாக்டரம்மா எதையோ விரல் விட்டு எண்ணி அழுத்தி அழுத்திச் சொல்வதும், மாமாவின் தலை ஆடுவதும் தெரிந்தது. வெளியே வந்தவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு, இனி ஊசி வேண்டாம்னுட்டாங்க. உனக்கு எல்லாம் நல்லாப் போச்சு. வலிச்சா மட்டும் ஒரு ஆஸ்பிரின் போட்டாப் போதும்."

"நெசமாவா மாமா?"

"நெசமாத்தான். மாமன் பொய் சொல்லுவனா?"

என் சின்ன வயதில் அதைவிடச் சந்தோஷமான நாள் ஒன்று சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. அன்று பூங்காவுக்குக் கூட்டிப் போனார். மயில் கூண்டைச் சுற்றி ஓடினேன், ஓடாதே என்று யாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்க வந்து அவர் மடியில் விழுந்தபோது அவர் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். செல்லம் கொஞ்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வலித்தபோதெல்லாம் ஆஸ்பிரின்தான். வருஷத்தில் ஒரு தடவையாவது தொண்டை கட்டும், முட்டி வீங்கும். கடையில் போய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் வலி போய்விடும். வலி போனால் நோய் போயிற்று என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நோட்டுப் புத்தகத்தோடு மாடிப்படி ஏறி நான் மூச்சு வாங்கியதைப் பார்த்து, கம்பும் ராகியும் தின்னாத உடம்பு என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். தெரட்டி சீருக்கு, அதுதான் வயசுக்கு வந்ததற்குச் செய்கிற சீருக்கு, மாமா கொண்டுவந்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் உட்கார வேண்டும் என்று அம்மா முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்தார். அன்று முட்டி வலி தெரியவே இல்லை.

காலேஜ் முடிக்கும் வயதில் கல்யாணப் பேச்சு எழுந்தது. அம்மா அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மாமா ஒரு நாள் பழத்தட்டு இல்லாமல் வெறுங்கையோடு வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நெருங்குன சொந்தத்துல கட்டுனா பொறக்கற குழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க மச்சான். நம்ம புள்ளைக நல்லா இருக்கோணும். வேற நல்ல எடமா நானே முன்ன நின்னு பாக்கறேனுங்க."

அம்மா அழுதார். நான் அழவில்லை, மாறாகப் பெருமைப்பட்டேன். எங்கள் சொந்தத்திலேயே அறிவியல் பேசிய முதல் மனிதர் என் மாமாதான் என்று ஹாஸ்டலில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன்! சொன்ன சொல்படி பெருந்துறையில் மாப்பிள்ளை பார்த்து, தாய்மாமன் சீரை ஊரே பேசும்படி செய்தார். அவருடைய மகனுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. பெண் அத்தையின் அண்ணன் மகள். அது மட்டும் நெருங்கின சொந்தம் இல்லையா என்று அப்போது யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

என் ஒரே மகளைப் பெற்றபோது நான் பிழைத்ததே பெரிது என்றார்கள். இரத்தம் இல்லை, அதனால்தான் இளைப்பு என்றார்கள். அப்படியே ஓட்டினேன். ஐம்பதைத் தாண்டி மருதமலைப் படியில் பாதியில் உட்கார்ந்து, எழ முடியாமல் போனபோதுதான் வேறு ஒரு டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடினார். எனக்கு அந்த மூடிய கண் உடனே ஞாபகம் வந்தது.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஊசி போட்டார்களா என்றார். ஒரு வருஷம் போட்டார்கள், குணமாகிவிட்டது என்று டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. இருபது வயசு தாண்டுற வரைக்குமாவது அந்த ஊசி போடணும். ஆஸ்பிரின் மூட்டு வலியையும் வீக்கத்தையும்தான் எடுக்கும். தொண்டை வலி திரும்பத் திரும்ப வராம தடுத்து ஹார்ட்டைக் காப்பாத்துறது அந்த ஊசிதாம்மா."

ஒவ்வொரு தடவை முட்டி வீங்கியபோதும் உள்ளே இதயத்தின் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துச் சுருங்கியிருக்கிறது. வலியை மாத்திரை அடக்கிவிட்டதால் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். சத்தமில்லாத அறையில் நான் உட்கார்ந்தால் அது டிக் டிக் என்று அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, கூடவே அதே ஆஸ்பிரின், இப்போது பொட்டு அளவில். தலைவலி என்றால் நானாகக் கடையில் எதுவும் வாங்கிப் போடக் கூடாது என்று கண்டிப்பு. வலித்தால் இப்போது வலித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தையல் பிரித்து ஓய்வுக்கு அம்மா வீட்டுக்கு வந்ததும் அவரைக் கேட்டேன். அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது, ஞாபகம் கத்தி மாதிரி இருக்கிறது.

"டாக்டரம்மா போதும்னுட்டாங்கன்னு எங்கண்ணன் வந்து சொன்னாங்க. அண்ணன் சொன்னா அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கறது?"

மாமா வீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி இருக்கிறது. மகன் வெளிநாட்டில். மாமாவும் அத்தையும் மட்டும்தான். மாமாவுக்கும் இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சடைப்பு வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். என் தழும்பை மறைத்த சேலைத் தலைப்பைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, அன்னிக்கு டாக்டரம்மா ஊசியை நிறுத்தச் சொன்னாங்களாங்க?"

ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"இல்லை கண்ணு. பெரிய புள்ளையாகி இருவது வயசு தாண்டற மட்டும் போடோணும்னாங்க. விட்டா ஹார்ட்டுக் கெட்டுப் போகும்னாங்க. நீ என்ற சட்டையப் புடிச்சுட்டுத் துடிச்சயே, அதை என்னால பாக்க முடியலை. இன்னும் எத்தனை வருசம் இந்தக் கொழந்தையக் கொல்றதுன்னு நானே நிறுத்திப்போட்டேன். முட்டி வலிதான் மாத்திரைக்கு நின்னு போச்சே, எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த நிமிஷம் என் மனசு இளகிவிட்டது. பஸ்ஸில் முட்டிக்குக் கீழே கொடுத்த கை, திருப்பிக்கொண்ட முகம், தேங்காய் பன் எல்லாம் வந்தது. பாசம் முற்றிப்போய்ச் செய்த தப்பு என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்றிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட கையை நீட்டினேன்.

அப்போதுதான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அத்தை பேசினார். என்னிடம் இல்லை, மாமாவிடம்.

"சரியாயிரும்னு நெனச்சீங்களா? அப்ப நம்ம பையனுக்கு இந்த அம்மணிய எடுக்கலாம்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டனே, அப்ப என்ன சொன்னீங்க? 'அது நெஞ்சு பழுதான புள்ள, டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க, நாளைக்கு நம்ம பையந்தான் ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் அலையோணும்'னு சொன்னது ஆருங்க?"

நீட்டிய கையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த அறையில் என் வால்வின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

எனக்குக் குணமாகிவிட்டது என்று ஊரையே நம்ப வைத்தவர், தன் வீட்டுக்கு மருமகளாக எடுக்கும்போது மட்டும் அதை நம்பவில்லை. அன்றைக்காவது என் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போதுகூட வைத்தியம் பார்க்க நேரம் இருந்தது. அதற்குப் பதிலாகப் பெருந்துறைக்காரர்களிடம் என்னைப் பழுதில்லாத பெண் என்று முன்னே நின்று ஒப்படைத்தார். சின்னப் பெண்ணுக்கு ஊசி போட மனம் வராததை மன்னிக்கலாம். இதை எந்தக் கணக்கில் மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மயில் கூண்டைச் சுற்றி ஓடிய அந்த நாளும் இப்போது என்னிடம் இல்லை.

அத்தை சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் மாமா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். பொட்டு அளவு ஆஸ்பிரின். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என்னைப் பார்த்தார்.

"இதப் போட்டா வயிறு எரியுது கண்ணு. எங்க டாக்டர் கறாரான ஆளு, கேக்கவே பயமா இருக்குது. உன்ற டாக்டர்கிட்ட எனக்கோசரம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றயா, இத நிறுத்திப்போடலாமான்னு?"

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் கிணத்துக்கடவு வரும் வரைக்கும் எனக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கேட்க என்ன தைரியம் என்று ஒரு பக்கம். ஒரே ஒரு வார்த்தையில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியுமே, தெரிந்துமா என்னிடம் கேட்டார் என்று இன்னொரு பக்கம்.

அடுத்த முறை என் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன், புரியாததை மறுபடியும் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று மாமாவுக்குப் போன் செய்தேன்.

"என்ன சொன்னாங்க கண்ணு? நிறுத்தலாமா?" குரலில் அப்படி ஒரு ஆசை.

"நிறுத்தவே கூடாதுன்னாங்க மாமா. நிறுத்துனா வச்ச ஸ்டென்ட்டே அடைச்சுக்குமாம். வயித்தெரிச்சலுக்குச் சேத்துப் போட வேற மாத்திரை இருக்குதாம். நீங்க உங்க டாக்டரையே போய்ப் பாத்துச் சொல்லோணுமாம்."

மாமா, அறுபது எழுபது வருஷம் பொய்யே கேட்டுப் பழகியவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"நெசமாத்தான் அப்படிச் சொன்னாங்களா கண்ணு?"

"நெசமாத்தானுங்க மாமா. டாக்டர் சொன்னதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."